பரபக்கம் ஓதுமாறு

சிவமயம்

மெய்கண்ட சாத்திரங்கள் 14 என்பதும், அவற்றுள் சிவஞானசித்தியார் சிவஞானபோதத்துக்கு வழிநூலாய் நிற்பதும், அந்நூல் பரபக்கம் சுபக்கம் என இருபாற்படுவதும் அன்பர் யாவரும் அறிந்தனவே. அறிந்திருந்தும், நம் வகுப்புக்களிற் சித்தியார் என்ற அளவிற் சுபக்கமே நினைக்கப்படுகின்றது. 300க்கு மேற்பட்ட செய்யுட்களையுடைய பரபக்கத்தைப் பெரும்பாலார் ஏட்டளவிற் கண்டு கும்பிட்டு விடுகின்றனர். காரணம் கேட்டால், "நால்வகைப் பௌத்தரும் ஆசீவகரும் பிராபாகரரும் இன்று நம்மிடையே எங்குளர்? இல்லாதவரோடு யாம் ஏன் வழக்காடல் வேண்டும்? அஃது இறந்தவனுக்குச் சாதகம் கணித்தலன்றோ?" என்பர். யானும் பல்லாண்டுகள் அங்ஙனமே எண்ணியிருந்தேன்.

அவ்வெண்ணம் மாறியதற்கு ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. அது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதனைக் கூறாதொழியின் இக்கட்டுரை எழுந்த காரணம் விளங்காது. சென்ற ஆண்டு யான் வாரந்தோறும் நடத்திவந்த சித்தாந்த வகுப்புக்கு, உயிர்நூல் பயிற்றும் இளைஞர் ஒருவர் தம் நண்பருடன் வந்தார். தமக்குக் கடவுட்கொள்கை இல்லை என்பதை முன்னரே பணிவுடன் கூறிவிட்டார். அன்று ஆன்மாவின் உண்மை பற்றிய பாடம். பாடம் முடிந்தபின் அவர் எழுந்து, "ஐயா, மூளையின் ஒரு பகுதி பழுதுபட்டால் ஒருவர் தம் மனைவி மக்களையும் அறியாதவராகின்றார். அறிவு உயிருக்கு உரியதாயின், மூளை பழுதுபட அது கெடுவது ஏன்?" என வினாவினார். யான் அவரை உலகாயதர் என ஒரு நொடியில் துணிந்து, காட்சியளவை ஒன்றே கொள்வார்க்குரிய மறுப்பை விரிக்கத் தொடங்கினேன். "நீர் நும் பாட்டனாரின் பாட்டனாரைக் கண்டதுண்டோ? காணாததெல்லாம் இல்லையாயின் அவரும் இலராதல் வேண்டுமே" என்றேன். வகுப்பிலிருந்தோர் நகைத்தனர். யானும் நகைத்தேன். அவர் சிறிது பொறுத்து, "ஐயா, காணாதது இல்லையென்று யான் சொல்லவில்லையே. கருதலளவையை யானும் கொள்கிறேன். தாங்கள் மறுத்தது வேறொருவர் கொள்கையை" என்று கூறி அமர்ந்துவிட்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அவர் வினாவிய வினாவுக்கு யான் விடை கூறவே இல்லை என்பது வீடு திரும்பியபின்னரே எனக்குப் புலனாயிற்று. அன்றிரவு பரபக்கத்தை எடுத்து, மறுதலைப் பகுதியைத் தொடாமல், உலகாயதர் மதம் கூறும் பகுதியை மட்டும் தனியே படித்தேன். இத்தனை ஆண்டுகளில் யான் அதனை அங்ஙனம் படித்ததில்லை. மறுதலைக்கு ஏறும் படியாகவே அதனை மிதித்துச் சென்றிருந்தேன். தனியே படித்தபோது, பேசுகின்றவன் ஒரு சைவாசாரியன் என்பது மறந்தே போயிற்று. பூதங்கள் நான்கே, அவை கூடியவழி அறிவு தோன்றும், காணும் இன்பத்தைக் கைவிட்டுக் காணாத இன்பத்தை நச்சுதல் பேதைமை எனத் தன் கொள்கையைத் தானே நம்பி உரைக்கும் ஒருவன் குரலே அங்குக் கேட்டது. எழுதிய கை அருணந்தி சிவாசாரியார் கை. நா உலகாயதன் நா.

உலகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பரபக்கத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட மதங்கள் 14. உலகாயதர், சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர், நிகண்டவாதிகள், ஆசீவகர், பட்டாசாரியர், பிராபாகரர், சத்தப்பிரமவாதிகள், மாயாவாதிகள், பாற்கரியர், நிரீச்சுர சாங்கியர், பாஞ்சராத்திரிகள் என்போர் அம்மதத்தினர். ஒவ்வொருவர்க்கும் முதலில் மதம், பின்னர் மறுதலை. இம்முறை எங்கும் பிறழவில்லை. நன்னூலாரும் எழுவகை மதத்துள், பிறர் மதத்தை முதற்கண் மேற்கொண்டு பின்னர்க் களைதலை ஒன்றாக வைத்தனர். மேற்கொள்ளாமற் களைந்தால் களையப்பட்டது யாது என்பதே தெரியாமற் போகும். என் வகுப்பில் நிகழ்ந்தது அதுவே.

பரபக்கத்திற் கடுஞ்சொல்லே இல்லையென்று யான் கூறவரவில்லை. கூறின் அது பொய்யாம். எள்ளல் உண்டு, இகழ்ச்சியும் ஓரோவிடத்து உண்டு. அவை மறுதலையில் வருவன. மதம் உரைக்கும் இடத்தில் ஆசிரியர் எதிரியின் வாயை அடைக்கவில்லை, திறந்து விட்டார். நமக்கு அவரிடமிருந்து கடுஞ்சொல் எளிதில் வந்துவிடுகின்றது, மற்றது வருவதில்லை.

நியாயநூலார் உரையாட்டை வாதம், செற்பம், விதண்டை என மூவகைப்படுத்தினர். உண்மை காணும் பொருட்டு இருவரும் அளவைகொண்டு பேசுவது வாதம். வெற்றி ஒன்றே கருதிச் சலம் முதலியவற்றாலும் பேசுவது செற்பம். தனக்கென ஒரு கொள்கையை நிறுவாமற் பிறர் கொள்கையை அழிப்பதே தொழிலாக நிற்பது விதண்டை. இவற்றுள் வாதமே ஆசிரியனோடும் உடன்கற்பாரோடும் நன்மை நாடுவாரோடும் நிகழ்த்தற்குரியது என்பர். என் வகுப்பில் அன்று யான் நிகழ்த்தியது எதுவென அன்பர் தாமே அறிந்துகொள்வர்.

ஆசீவகர் செய்தி ஈண்டு நம் உள்ளத்தை மிகவும் தொடுவதாகும். மற்கலி கோசாலர் வழிவந்த இச்சமயத்தினர் இந்நாட்டிற் பன்னூற்றாண்டுகள் வாழ்ந்தனர். ஆயினும் அவர்தம் நூல் ஒன்றேனும் இன்று நம் கைக்கு வந்திலது. ஏடு அழிந்தது, ஓதுவாரும் அழிந்தனர். தமிழகத்து ஆசீவகர் நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணுக்களைக் கொண்டனர் என்றும், வருவது வந்தே தீரும் என்னும் நியதியை உடன்பட்டனர் என்றும் நாம் அறிவது எங்ஙனம்? மணிமேகலை ஒன்று, நீலகேசி ஒன்று, சித்தியார்ப் பரபக்கம் ஒன்று. முன்னது பௌத்தர் நூல். இடையது சமணர் நூல். பின்னது சைவர் நூல். மூன்றும் ஆசீவகத்தை உடன்படாதவை. ஆங்கிலப் பேராசிரியர் ஏ. எல். பாஷம் என்பார் 1951ஆம் ஆண்டில் ஆசீவகர் வரலாற்றை விரிவாக எழுதியபோது, தென்னாட்டு ஆசீவகக் கொள்கைக்கு இம்மூன்று தமிழ்நூல்களையே பற்றுக்கோடாகக் கொண்டார்.

ஒரு சமயம் முழுவதும் மாய்ந்து, அதன் சொல் அதனை மறுத்தவர் வாயில் மட்டுமே எஞ்சிநிற்பதை எண்ணிப் பாருங்கள். மறுத்த மூவரும் எதிரியின் கொள்கையைத் தம் மனம்போனவாறு திரித்துக் கூறியிருப்பின், ஆசீவகர் என்பார் என்ன எண்ணினர் என்பதே உலகுக்கு இல்லையாய் ஒழிந்திருக்கும். அவர்கள் எழுதிய காலத்தில் இதனை அறிந்து எழுதவில்லை. கண்முன் நின்ற எதிரிக்குச் செய்த நேர்மை, அவன் மறைந்தபின் அவனுக்கு வாழ்வாயிற்று. குண்டலகேசிக்கு நேர்ந்ததும் ஒருபுடை இதுவே. அப்பௌத்த காவியத்தை மறுக்க எழுந்த நீலகேசியும் அதன் உரையும் வழியாக அதன் செய்திகள் பல நமக்குக் கிடைக்கின்றன.

ஈண்டு அன்பர் ஒருவர், "மதுரையிற் சமணரோடு நிகழ்ந்த வாதத்தை என் சொல்வீர்?" எனக் கடாவலாம். அக்கடாவை மறைத்தல் ஒண்ணாது. அனல்வாதமும் புனல்வாதமும், பின்னர் எண்ணாயிரவர் கழுவேறியதும் பெரியபுராணத்துட் கூறப்படுகின்றன. தோற்றால் தம்மை அரசன் கழுவேற்றுக எனச் சமணரே முன்னர்க் கூறினர் என்பது சேக்கிழார் காட்டும் வரலாறு. அதனை வரலாறாகக் கொள்வாரும் உளர், கொள்ளாதாரும் உளர். யான் அவ்வழக்கினுட் புகவில்லை. ஒன்றுமட்டும் கூறுவேன். ஆளுடைய பிள்ளையார் காலத்துக்கு ஏறக்குறைய 6 நூற்றாண்டுகள் பின்னர்த் தோன்றிய அருணந்தி சிவாசாரியார், அதே சமணரையும் பௌத்தரையும் எதிரே நிறுத்தி வழக்காடும்போது, ஆங்கு நெருப்பு இல்லை, ஆறு இல்லை, அரசன் இல்லை, கழுவும் இல்லை. அளவை ஒன்றே உளது. நம் சந்தானத்தார் நமக்கு விட்டுச்சென்ற வாதமுறை இது. உயிரைப் பணயமாக வைத்து ஆடும் வாதத்திற் கருத்து மாறுவதற்கு இடமேது? அஞ்சியவன் உடன்படுவான், உடன்பட்டவன் உணர்ந்தவன் ஆகான்.

அண்மைக்காலத்துச் சான்றும் உண்டு. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுகநாவலர் கிறித்துவக் கண்டனத்துக்குப் பேர்போனவர். அவர் இளமையிற் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்க உதவிப் பல ஆண்டுகள் உழைத்தவர் என்பதைக் கண்டனம் மட்டும் கற்பார் மறந்துவிடுகின்றனர். தாம் உடன்படாத வேதத்துக்குத் தாமே நல்ல தமிழ் தேடிக்கொடுத்த அவர், 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதியபோது, விவிலியத்தைக் கேள்வியால் அறிந்தவராய் எழுதவில்லை. வரிவரியாக அறிந்தவராய் எழுதினார். அந்நூலின் வன்மை அதனால் வந்தது. வியப்பு யாதெனில், அதே 1854ஆம் ஆண்டில், வட்டுக்கோட்டையில் ஆசிரியராயிருந்த ஓய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் செய்த சிவஞானபோத ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் மற்றவர் சமயத்துக்கு மாறவில்லை. இருவரும் மற்றவர் நூலை முதலில் ஓதினர்.

இன்னும் இனிய சான்று உ. வே. சாமிநாதையருடையது. திருவாவடுதுறைத் திருமடத்துச் சூழலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கற்ற அவர், சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபோது கும்பகோணத்துச் சைனர் இல்லங்களை நாடிச் சென்று, அவர்தம் சமயநூற் பொருளை அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார். அவர் கேட்கும் வினாக்களின் நுட்பம் கண்டு சைன இல்லத்தார் அவரைப் 'பவ்ய சீவன்' என்று குறித்தனராம். வீடுபேற்றுக்கு உரிய பக்குவமுடைய உயிர் என்பது அதன் பொருள். பிற சமயத்தான் ஒருவனைப் பற்றி ஒரு சமயத்தார் கூறத்தக்க உயர்ந்த சொல் இதனினும் யாது? நூல் 1887இல் வெளிவந்தது. ஐயர் சைனர் ஆகவில்லை. சைனரும் சைவர் ஆகவில்லை.

இனி, பிறர் கொள்கையை மதித்துக் கேட்டல் நம் சித்தாந்தத்தோடு பொருந்துமோ, அன்றி வெறும் உலகியல் மரியாதையோ என்பதை ஆராய்வாம். உயிர்கள் மெய்ப்பொருளைக் காணாமைக்குக் காரணம் ஆணவமலம் என்பது நம் துணிபு. அம்மலம் அநாதியே எல்லா உயிரையும் பற்றியது. ஆதலின் என்னோடு மாறுபடுவோனை மறைத்த இருளும் என்னை மறைத்த இருளும் ஓரினமே. அவன் வஞ்சகத்தால் மாறுபடுகின்றான் எனக் கொள்ளுதற்கு நம் நூலில் இடமில்லை. சத்திநிபாதம் எவர்க்கு எவ்வளவு நிகழ்ந்துளது என்பது புறத்தே காணப்படுவதன்று. திருநீறு பூசாத நெற்றிக்குப் பின்னும் என்னினும் பழுத்த உயிர் இருத்தல் கூடும்.

சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என வகுத்து அவற்றைப் படிமுறையாக வைக்கும் வழக்கும் நம்மிடம் உண்டு. எல்லாச் சமயமும் இறைவனாற் பக்குவத்துக்கேற்ப அமைக்கப்பட்டன என்னும் இக்கொள்கை பெருந்தன்மை உடையதே. ஆனால் அதனைப் பேசுவோர் வாயில் அது பெரும்பாலும் வேறு உருக் கொள்கின்றது. வந்தவனை நோக்கி, "நீர் மூன்றாம் படியில் நிற்கின்றீர்; இன்னும் சில பிறவியில் எம்மிடம் வருவீர்" என்றால் அவனுக்கு அது மதிப்பாகுமோ? படிமுறை யான் என் உள்ளத்தை அடக்கிக்கொள்ளுதற்கு உதவுவது. எதிரியின் தலைமேல் வைத்து அளத்தற்குரிய கோலன்று.

அகத்தே நிற்பாரோடு வழக்கிடும்போதுதான் சினம் மிகும் போலும்! 1313இல் உமாபதிசிவாசாரியார் அருளிய சங்கற்பநிராகரணம் பெரும்பாலும் அணித்தாய கொள்கையினரையே எதிர்கொள்கின்றது. பின்னாளிற் சிவஞான முனிவர் ஞானப்பிரகாசர் உரையை மறுத்து எழுதிய சிவசமவாதவுரை மறுப்பைப் படித்தவர், உலகாயதனுக்குக் கிடைத்த பொறுமை ஒரு சைவருக்குக் கிடைக்கவில்லையே என்று ஒருகால் எண்ணுவர். முனிவர்பால் எனக்குள்ள பத்தி குறைவுடையதன்று. ஆயினும் அந்நூலின் தருக்கத்தைக் கற்பிப்போர் அதன் நடையையும் மாணவர்க்குக் கற்பித்துவிடாமல் இருத்தல் நலம்.

அருணந்தியார் தாமே ஒருகால் செருக்கோடு வினாவ வந்தவர் என்பதையும் மறவாதிருப்போம். சகலாகம பண்டிதர் என்னும் பெயரோடு திருவெண்ணெய்நல்லூரை அடைந்து, தம் மாணாக்கரெல்லாம் ஒரு பிள்ளையின்பாற் சென்று கேட்பதைப் பொறாராய், ஆணவமலத்தின் இயல்பு யாதென அப்பிள்ளையை வினாவினார் என்பது வழிவழி வழங்கும் செய்தி. மெய்கண்டார் ஒன்றும் கூறாது அவரை அடிமுதல் முடிவரை நோக்கினார். பண்டிதர் தம்மையே அங்குக் கண்டு அடியில் வீழ்ந்தார். ஆங்குப் பலர் கூடியிருந்தனர், நகைத்தற்கும் இடமிருந்தது. யாரும் நகைத்ததாக அச்செய்தி கூறவில்லை.

இனி, அவ்விளைஞர் வினாவுக்கு வருவோம். பண்டை உலகாயதன் காட்சி ஒன்றே அளவை என்றான். ஆதலின் கருதலளவையை நாட்டியவுடன் அவன் கொள்கை தளர்ந்தது. இக்காலத்தார் நிலை அதுவன்று. அவர் கருதலைக் கொள்கின்றனர். அதனைப் பன்முறை சோதித்தும் பார்க்கின்றனர். 'அறிவு மூளையின் செயல். மூளையில் இன்ன பகுதி கெட்டால் இன்ன அறிவு கெடுகின்றது. மயக்கமருந்து ஊட்டினால் அறிவு முழுவதும் ஒடுங்குகின்றது. ஆகவே மூளைக்கு வேறாய் ஓர் அறிவோன் உளன் எனக் கொள்ளுதற்குத் தேவையில்லை' என்பது அவர் மதம். இதற்கு விடை பாட்டனாரின் பாட்டனார் அல்லர்.

இதனைக் கேட்ட சித்தாந்தி முதலிற் செய்யவேண்டுவது ஒப்புவதனை ஒப்புதல். உயிர் கருவியின்றி இந்நிலையில் ஒன்றையும் அறியாது என்பது நம் கோட்பாடே. சாக்கிரத்தில் 35, சொப்பனத்தில் 25, சுழுத்தியில் 3, துரியத்தில் 2, துரியாதீதத்தில் 1 எனக் கருவிகள் ஒடுங்கஒடுங்க அறிவும் ஒடுங்கும் என நம் நூல்கள் எண்ணிக் கூறுகின்றன. கருவி முற்றும் நீங்கிய கேவலத்தில் உயிர் ஒன்றும் அறியாது கிடக்கும். எனவே, மூளை பழுதுபட அறிவு குன்றும் என்பது சித்தாந்தத்துக்கு மாறன்று. சித்தாந்தி எதிர்பார்க்க வேண்டுவதே அது. இருவர்க்கும் ஒத்த ஒன்றைக்கொண்டு அவர் நம்மை வெல்லலாகாது. நாமும் அவரை வெல்லலாகாது.

அவர் அவ்வளவில் விடமாட்டார், விடவும் கூடாது. "கருவியின்றி ஒன்றும் அறியாத ஒன்றை உளதென்று எதனாற் கொண்டீர்?" என்று கேட்பார். இது வலிய கேள்வி. இதற்கு நாம் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தின்பாற் செல்லல் வேண்டும். எனது உடம்பு, எனது கண் எனப் பிரித்துக் கூறும் ஒருவன் உளன். கண்டதும் கேட்டதும் ஒருவனுக்கே ஆதலின் ஐம்பொறிக்கும் வேறாய் அவற்றை ஒருங்கு உணர்வோன் உளன். கனவு கண்டவனே நனவில் அதனைக் கூறுகின்றான் எனத் தொடர்தல் வேண்டும். அவ்வொருமையும் மூளையின் அமைப்பே என அவர் மறுப்பார். அமைப்பு என்பது பலவற்றின் கூட்டமாதலின், கூட்டம் தன்னை 'யான்' என ஒன்றாக அறிவது எங்ஙனம் என யாம் வினாவுவோம். வழக்கு இவ்விடத்திற்றான் உண்மையில் தொடங்குகின்றது. என் வகுப்பில் யான் இவ்விடத்துக்கு வரவே இல்லை.

இவ்வளவும் எண்ணியபின், அவர் நண்பரிடம் முகவரி கேட்டு, அண்மையில் ஒரு மாலை அவர் இல்லத்துக்குச் சென்றேன். அன்று நகைத்ததற்கு வருந்துவதாகக் கூறினேன். அவர் நாணமுற்று, "அதனை யான் அன்றே மறந்தேன், ஐயா" என்றார். மறந்தவர் முகமாக அஃது இல்லை. அவர் மதமாக மேலே எழுதியதனைத் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். முதலில் எழுதிய வடிவில் 'உயிர் இல்லை' என்றிருந்தது. "இல்லையென்று யான் நாட்டவில்லை, கொள்ளத் தேவையில்லை என்கிறேன்" என அவர் அதனைத் திருத்தினார். மற்றோரிடத்தையும் திருத்தினார். மூன்றாம்முறை எழுதிப் படித்தபோது, "ஆம், யான் சொல்வது இதுவே" என்றார்.

பின்னர்த் தாமும் ஒரு தாளை எடுத்து, நம் கொள்கையைத் தாம் உணர்ந்தவாறு எழுதிக் காட்டினார். நன்றாகவே எழுதியிருந்தார். ஓரிடத்தில் மட்டும், சிவபெருமான் தீவினை செய்தாரை ஒறுக்கின்றார் என்றிருந்தது. ஒறுத்தல் எனினும் அது நோயாளிக்கு மருத்துவன் ஊட்டும் கைப்பு மருந்து போல்வது, சினத்தான் வருவதன்று என விளக்கினேன். அவ்வரியை அடித்து, அவ்வாறே எழுதிக்கொண்டார். அதன்பின் பேசத் தொடங்கினோம். அவர் தாயார் இருமுறை பால் கொணர்ந்து வைத்தார், இருமுறையும் ஆறிப்போயிற்று. யான் எழுந்தபோது மணி பதினொன்று. ஒருவரும் மற்றவரை உடன்படுத்தவில்லை. வரும் வெள்ளிக்கிழமை மூன்றாஞ் சூத்திரத்தை உரையுடன் கொண்டுவருமாறு கேட்டிருக்கின்றார். மூளை பற்றிய நூல் ஒன்றை எனக்குக் கொடுத்து, அதற்குள் படித்து வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கின்றார். இதுகாறும் 40 பக்கம் படித்திருக்கின்றேன்.